எஸ்ஸெகிபோ: பழைய எல்லைச் சண்டையா, எண்ணெய்ச் சண்டையா?

பொருநை:
தென் அமெரிக்காவில் உள்ள கயானா நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் எஸ்ஸெகிபோ. அதைத் தன்னுடையது என்கிறது பக்கத்தில் இருக்கும் வெனிசுவேலா. நூறாண்டுக்கும் மேலான எல்லைத் தகராறு என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2015 மே மாதம் கயானா கடலில், லிசா கிணற்றில் எண்ணெய் கண்டதாக அமெரிக்க நிறுவனம் எக்ஸான்மொபில் அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் அந்தக் கடற்பரப்பும் எங்களுடையதுதான் என்று அன்றைய வெனிசுவேலா அதிபர் மதுரோ ஆணை போட்டார். 2023 டிசம்பர் 3-ல் வெனிசுவேலாவில் பொது வாக்கெடுப்பு, அப்புறம் எஸ்ஸெகிபோவையும் சேர்த்துப் புது வரைபடம். வெறும் காடாகவே இருந்திருந்தால் இவ்வளவு வேகம் வந்திருக்குமா?

ஏட்டுச்சுவடி:
வேகத்துக்கு எண்ணெய் காரணம், சரி. சண்டைக்கு அது காரணம் இல்லை. கயானா பிரிட்டனின் காலனியாக இருந்தபோது, 1899-ல் பாரிஸில் கூடிய நடுவர் மன்றம் இந்த நிலத்தில் பெரும்பகுதியைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது. நடுவர்களில் இரண்டு பேர் பிரிட்டிஷார், இரண்டு பேர் அமெரிக்கர், தலைவர் ரஷ்யர். வெனிசுவேலாக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. பேரம் பேசி எழுதிய தீர்ப்பு அது என்று வெனிசுவேலா தரப்பு வழக்கறிஞர் மாலே பிரவோ எழுதிவைத்த குறிப்பு, அவர் இறந்தபின் 1949-ல் வெளிவந்தது. 1966-ல், கயானா விடுதலை பெற்ற ஆண்டிலேயே, அங்கோகோ தீவை வெனிசுவேலா பிடித்துக்கொண்டது. லிசாவுக்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது! அந்த நாட்டு வரைபடங்களில் எஸ்ஸெகிபோவின் மேல் சாய்வுக் கோடுகள் போட்டு 'உரிமை கோரும் பகுதி' என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எண்ணெயைப் பற்றி என்ன தெரியும்? தன் மண்ணுக்கடியில் சுமார் 30,000 கோடி பீப்பாய் இருந்தும் எடுக்க முடியாமல் தவிக்கும் நாட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கிணறு எதற்கு?

பொருநை:
கோடு இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் 2004-ல் கயானா தலைநகர் ஜார்ஜ்டவுன் வந்த அன்றைய வெனிசுவேலா அதிபர் சாவேஸ், எஸ்ஸெகிபோவில் மக்களுக்குப் பயன்படும் திட்டங்களுக்குக் குறுக்கே நிற்க மாட்டோம் என்றாரே? பிறகு, கரீபியன் நாடுகளுக்கு வெனிசுவேலா சலுகையில் எண்ணெய் தந்த பெட்ரோகரிபே ஏற்பாட்டில் கயானாவிலிருந்து அரிசி போனது, வெனிசுவேலாவிலிருந்து எண்ணெய் வந்தது. வரைபடத்தில் கோடு இருக்கும்போதே வியாபாரமும் நடந்தது. கடலில் எண்ணெய் கண்ட அதே 2015-ல், அரிசி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று வெனிசுவேலா கைவிரித்தது. கரையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்த எண்ணெய்க்கு முதல் அடி வாங்கியவர் நெல் விவசாயி. இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

ஏட்டுச்சுவடி:
அரிசி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை.

கரைமேடு:
நீங்கள் இருவரும் வெனிசுவேலாவையே பார்க்கிறீர்கள். 2016-ல் எக்ஸான் கூட்டணியோடு கயானா போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். எண்ணெய் எடுப்பதற்காக அரசுக்குத் தரும் ராயல்டி 2 சதவீதம். எடுக்கும் எண்ணெயில் 75 சதவீதம் வரை நிறுவனங்கள் செலவுக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தில்தான் ஆளுக்குப் பாதி. அப்படிப் பார்த்தால் ஆரம்ப ஆண்டுகளில் கயானாவுக்குச் சேருவது நூற்றுக்கு 14.5. கையெழுத்துக்காக எக்ஸான் தந்த 1.8 கோடி டாலரைத் தனிக் கணக்கில் ரகசியமாக வைத்திருந்தது அரசு. 2017 கடைசியில் விஷயம் வெளியே வந்ததும், அதில் 1.5 கோடி எல்லை வழக்கின் வழக்கறிஞர்களுக்கு என்று விளக்கம் சொன்னது. நிலம் பறிபோகுமோ என்று பயந்துகொண்டிருக்கும் 8 லட்சம் பேர் எப்படி விலை பேசுவார்கள்? எக்ஸான் அங்கே இருப்பதே காவல் என்று எண்ணித்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்பது என் கணிப்பு.

ஏட்டுச்சுவடி:
2018-ல் கயானா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டுமா? எஸ்ஸெகிபோ இப்போது யார் நிர்வாகத்தில் இருக்கிறதோ அந்த நிலையை வெனிசுவேலா மாற்றக் கூடாது என்று 2023 டிசம்பர் 1-ல் இடைக்கால உத்தரவு வந்தது அந்த வழக்கில்தான். 2022-ல் கயானாவின் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கரைமேடு:
வழக்குப் போட்டது சரிதான். அந்தச் செலவுக்கு எண்ணெய் நிறுவனத்தின் பணத்தை எதிர்பார்க்க வேண்டியிருந்தது என்பதுதான் என் வருத்தம்.

பொருநை:
பங்குதாரர்களையும் கவனியுங்கள். அதே எண்ணெய் வயலில் சீனாவின் அரசு நிறுவனம் சிஎன்ஓஓசிக்கு 25 சதவீதம். வெனிசுவேலாவுக்குப் பல ஆண்டுகள் கடன் கொடுத்ததும் சீனாதான். வெனிசுவேலாவில் எண்ணெய் எடுத்துவந்த அமெரிக்க நிறுவனம் செவ்ரான், இந்த வயலில் பங்கு வைத்திருந்த ஹெஸ் நிறுவனத்தை 2025 ஜூலையில் வாங்கி இங்கே 30 சதவீதத்துக்குச் சொந்தக்காரர் ஆனது. இரண்டு பக்கமும் முதல் போட்டவர்கள் நியாயம் பேசுவார்கள் என்று நான் நம்பவில்லை.

ஏட்டுச்சுவடி:
நியாயம் பேசாவிட்டாலும் போரைத் தடுப்பார்கள். 2025 மார்ச் 1-ல் வெனிசுவேலா ரோந்துக் கப்பல் ஒன்று எண்ணெய் எடுக்கும் கப்பல்களுக்கு அருகே வந்து, நீங்கள் இருப்பது தகராறில் உள்ள கடல் என்று ரேடியோவில் சொல்லிவிட்டுப் போனது. அமெரிக்கா அன்றே எச்சரித்தது.

கரைமேடு:
2023 டிசம்பரிலும் அப்படித்தான். பிரிட்டன் ரோந்துக் கப்பல் அனுப்பியது, பிரேசில் எல்லைக்குக் கவச வாகனங்களை நகர்த்தியது. ஆனால் நீங்கள் சொன்ன அங்கோகோ தீவு 1966 முதல் இன்றுவரை வெனிசுவேலா கையில்தான் இருக்கிறது. அது ஆற்று நடுவில் இருக்கும் ஒரு காட்டுத் தீவு. கயானா கண்டனம் தெரிவித்தது, அதோடு சரி.