புதுப்பிப்பு: பத்தே நாளில் நிரம்பிய பேக்கப் வட்டு – தீர்ந்தது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தணிக்கை அலுவலகத்துக்கு டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) பேக்கப் சர்வர் அமைத்ததையும், 90 ஜிபி தரவுக்கு 1 டிபி வட்டு பத்தே நாளில் நிரம்பியதையும் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

"வட்டின் கோப்பு முறைமை என்ன?" என்ற ஒற்றைக் கேள்விதான் வழிகாட்டியது. கடையில் வாங்கியபடியே எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற கோப்பு முறைமையில், அதாவது வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறையில், விட்டிருந்தேன். அதில் ஹார்டு லிங்க் (கூடுதல் இடம் பிடிக்காமல் ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர் தரும் வசதி) கிடையாது. எனவே ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் நிரலில், மாறாத கோப்பை முந்தைய நகலுடன் இணைத்துவிடும் லிங்க்-டெஸ்ட் (--link-dest) விருப்பம் பயனற்றுப்போய், தினமும் முழு நகல் எடுத்திருக்கிறது. வட்டை ஹார்டு லிங்க் உள்ள இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமைக்கு மாற்றினேன். இப்போது திங்கள், செவ்வாய் இரு கோப்புறைகளிலும் மாறாத பேரேட்டுக்கு ஒரே ஐநோடு எண் (வட்டில் கோப்பின் அடையாள எண்), அதாவது இரண்டும் ஒரே கோப்புதான். பார்த்ததும் நிம்மதி! பதினான்கு நாள் நகல்களுக்கும் சேர்த்து 97 ஜிபிதான்.

எதிர்பாராத ஒன்று: ஓர் இரவு மின்வெட்டுக்குப் பின் வட்டு வேறு பெயரில் வந்ததால் மவுண்ட் ஆகவில்லை, அதாவது அதற்குரிய கோப்புறையில் இணையவில்லை. நகல் முழுவதும் சர்வரின் சொந்த வட்டில் விழுந்துவிட்டது. எந்த வட்டு எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் சாதனப் பெயருக்குப் பதில் யுயுஐடி (UUID, வட்டின் மாறாத அடையாள எண்) எழுதினேன், வட்டு இல்லாவிட்டாலும் சர்வர் நிற்காமல் தொடங்க நோஃபெயில் (nofail) விருப்பமும் சேர்த்தேன். வட்டு மவுண்ட் ஆகாவிட்டால் ஸ்கிரிப்ட் உடனே நின்றுவிடும்படி ஒரு சோதனை வரியும் வைத்திருக்கிறேன். இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.