பிளாக்ல எதெல்லாம் ஆட்டோமேட் பண்ணலாம், எதைத் தொடவே கூடாது?

பேனாக்கத்தி:
எழுத ஒரு மணி நேரம்னா எழுதி முடிச்சப்புறம் ரெண்டு மணி நேரம் போகுதுங்க. படத்தை சின்னதாக்கணும், படத்துல என்ன இருக்குன்னு சொல்ற ஆல்ட் டெக்ஸ்ட் போடணும், டேக் போடணும், லிங்கை எடுத்துட்டு நாலு இடத்துல போய் ஒட்டணும், மெயில் லிஸ்ட்டுக்கு அனுப்பணும், ஸ்பாம் கமென்ட்டை அள்ளிக் கொட்டணும். வேலைக்கும் போயிட்டு இதெல்லாம் முடியல. அதனால இந்த மாசம் மொத்தத்தையும் ஆட்டோமேஷன்ல விட்டுடலாம்னு இருக்கேன், பழைய போஸ்ட்டை தானா மறுபடி ஷேர் பண்றது, கமென்ட்டுக்கு தானா நன்றி சொல்றது வரைக்கும். யாராவது பண்ணியிருக்கீங்களா?

திண்ணைவாசி:
பண்ணினேன், பட்டேன். 2019ல ஒரு வாசகர் சந்திப்பு வெச்சோம், "நாளைக்கு மாலை 5 மணி, எல்லாரும் வந்துடுங்க"ன்னு ஒரு சின்ன போஸ்ட். மூணு வருஷம் கழிச்சு, பழைய போஸ்ட்டை ஷேர் பண்றதுக்குன்னு பிளாக்ல மாட்டியிருந்த பிளகின் அதைத் தூசி தட்டி எடுத்து ஷேர் பண்ணிடுச்சு. எனக்கு தெரியாது, நான் ஆபீஸ்ல இருக்கேன். ஒரு பெரியவர் நிஜமாவே கிளம்பிப் போயிட்டாரு, "தம்பி, வாசல்லதான் நிக்கிறேன், யாரையும் காணோமே"ன்னு கமென்ட் போட்டிருக்காரு. அதுக்குக் கீழ என் ஆட்டோ ரிப்ளை, "தங்கள் வருகைக்கு நன்றி! தொடர்ந்து இணைந்திருங்கள்."
அன்னிக்கு ராத்திரியே ரெண்டையும் தூக்கிட்டேன்.

மின்மினி:
😂😂 வருகைக்கு நன்றி

வேர்ச்சொல்:
சிரிப்பு வருது, ஆனா பழியை பிளகின் மேல போடாதீங்க. எந்த கேட்டகரியை விடணும், எத்தனை நாளுக்கு முந்தின போஸ்ட்டைத் தொடக்கூடாதுன்னு அந்த மாதிரி பிளகின்லயே செட்டிங் இருக்கும். அறிவிப்பெல்லாம் தனி கேட்டகரியில போட்டு விலக்கியிருந்தா அந்தப் பெரியவர் வீட்லயே இருந்திருப்பாரு. ஆட்டோ ரிப்ளை மட்டும் நானும் வேண்டாம்னுதான் சொல்வேன்.

மின்மினி:
எல்லாரும் சுத்தி வளைச்சு பேசுறீங்க. நேரம் போறது எழுதுறதுலதான், அதையே ஏஐகிட்ட விட்டுடுங்களேன். தலைப்பு கொடுத்தா கட்டுரை ரெடி, மாசம் 30 போஸ்ட், தானா பப்ளிஷ். நான் ரெண்டு மாசமா அப்படித்தான் ஓட்டுறேன்.

திண்ணைவாசி:
ஓட்டுங்க, யாரு வேணாங்குறா. ஆனா அதைப் படிக்கிறவன் ஏன் உங்ககிட்ட வரணும், அவனே ஏஐகிட்ட கேட்டுக்குவானே. இன்னொன்னு, கூகுள் 2024 மார்ச்ல ஸ்பாம் விதியை மாத்துச்சு. தேடல்ல மேல வர்றதுக்காகவே பெருசா பயனில்லாத பக்கத்தைக் குவியல் குவியலா போட்டா அது ஸ்பாம், மெஷின் எழுதினா என்ன, மனுஷன் எழுதினா என்னங்குறது அதுல இருக்கு. ஏஐ யூஸ் பண்றது தப்புன்னு அதுல சொல்லல, குவிக்கிறதைத்தான் சொல்லுது. உங்க 30 போஸ்ட்டை நீங்களே ஒரு தடவை உக்காந்து படிச்சுப் பாத்திருக்கீங்களா?

மின்மினி:
எல்லாத்தையும் இல்ல.. டிராஃபிக் வருதே

பேனாக்கத்தி:
எழுத்தை நான் யார்கிட்டயும் கொடுக்கப் போறதில்லங்க, அதுக்காகத்தானே பிளாக்கே வெச்சிருக்கேன். கேள்வி சுத்து வேலை பத்தி மட்டும். ஷேரிங், மெயில், ஸ்பாம், பேக்கப்.

திண்ணைவாசி:
அதுலயும் சொல்றேன் கேளுங்க. மத்தவன் போட்ட குழாய்ல தண்ணி பிடிக்கிறோம், அவன் எப்போ மூடுவான்னு தெரியாது. ஃபேஸ்புக் 2018 ஆகஸ்ட்ல பர்சனல் ப்ரொஃபைலுக்கு வெளியிலேருந்து தானா போஸ்ட் போடுறதை நிறுத்துச்சு. கூகுளோட ஃபீட்பர்னர் சர்வீஸ்ல மெயில் சந்தா 2021ல போச்சு. 2023ல ட்விட்டர் தன் ஏபிஐக்கு, அதாவது வெளி சாஃப்ட்வேர் உள்ள வர்ற வாசலுக்கு, காசு கேட்டதும், போஸ்ட்டைத் தானா ஷேர் பண்ற ஜெட்பேக் பிளகின் அங்க ஷேர் பண்றதையே விட்டுடுச்சு. மூடினதுகூட பரவால்ல, மூடினது நமக்குத் தெரியாது பாருங்க, அதுதான். நான் வெச்சிருந்த ஒரு மெயில் சர்வீஸ் நாலு மாசமா யாருக்கும் மெயிலே அனுப்பல. எனக்கு ஒரு எரர் வரல, வாசகர் யாரும் கேக்கல. மெயில் வரலைன்னு யாருங்க புகார் பண்ணுவாங்க, இவன் எழுதுறதை விட்டுட்டான்னு நினைச்சுக்குவாங்க.

வேர்ச்சொல்:
இது நியாயம். நான் என் லிஸ்ட்ல என்னோட இன்னொரு ஐடியையும் சேத்து வெச்சிருக்கேன், போஸ்ட் போட்ட அன்னிக்கு மெயில் வரலைன்னா எனக்கே தெரிஞ்சிடும். அஞ்சு நிமிஷ வேலை. அதுக்காக பழையபடி கையால நாலு இடத்துல ஒட்டுங்கன்னா அது என்ன பிடிவாதம்?

ஸ்பாமை, அதைப் பிடிக்கிறதுக்குன்னே இருக்குற அகிஸ்மெட் பிளகின்கிட்ட விடுங்க, ஆனா வாரம் ஒரு தடவை ஸ்பாம் டப்பாவை எட்டிப் பாருங்க, 15 நாள்ல அழிச்சிடும், நல்ல கமென்ட்டும் சில சமயம் அதுல மாட்டும். பேக்கப் கண்டிப்பா ஆட்டோமேட்டிக், ஆனா அதே சர்வர்ல வெச்சா அது பேக்கப்பே இல்ல.

அப்புறம் ஷெட்யூல். பிளாக்கை ஓட்டுற சாஃப்ட்வேர் வேர்ட்பிரஸ்னா, அதுல ஷெட்யூல் நிஜ கடிகாரம் இல்லங்க. யாராவது சைட்டைத் திறந்தாத்தான் "வேலை ஏதாவது பாக்கி இருக்கா"ன்னு பாக்கும். ராத்திரி ஆளே வராத பிளாக்னா காலைல 6 மணி போஸ்ட், 9 மணிக்கு முதல் ஆள் வந்து கதவைத் தட்டினப்புறம்தான் எந்திரிக்கும். பக்கத்தோட நகலை எடுத்து வெச்சு அதையே காட்டுற கேஷ் பிளகின் இருந்தா ஆள் வந்தாலும் தூங்கலாம். கான்ஃபிக் ஃபைல்ல அந்த உள் கிரானை (குறிச்ச வேலையை நேரத்துக்கு ஓட்டுறதுக்கு கிரான்னு பேரு) நிறுத்திட்டு, ஹோஸ்டிங் பேனல்ல நிஜ கிரான் ஜாப் ஒண்ணு 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுற மாதிரி போடுங்க. பாதிப் பேர் சொல்ற "ஷெட்யூல் மிஸ் ஆயிடுச்சு" இதனாலதான்.

திண்ணைவாசி:
சரி, கிரானை ஒத்துக்கிறேன். ஆனா ஷெட்யூல் பண்ணின அன்னிக்கு ஊர்ல ஏதாவது துக்கம்னா, கிரான் காமெடி போஸ்ட்டைத்தான் போடும். அதனால நான் ஒண்ணுக்கு மேல வரிசையில வெக்கிறதில்ல.

பேனாக்கத்தி:
ரொம்ப நன்றிங்க. ஆட்டோ ரிப்ளையும் பழைய போஸ்ட் ஷேரிங்கும் கேன்சல், அந்தப் பெரியவர் கண்ணுக்குள்ளயே நிக்கிறாரு. கிரான் போட்டுட்டேன், ரெண்டாவது மெயில் ஐடியும் சேத்துட்டேன். நாளைக்கு காலைல 6 மணிக்கு ஒரு போஸ்ட் ஷெட்யூல் பண்ணிட்டு தூங்கப் போறேன். இதுவரை எல்லாம் கையாலயே பப்ளிஷ் பண்ணினதுதான், இதான் முதல் தடவை.

வேர்ச்சொல்:
செட்டிங்ஸ்ல டைம்ஜோன் மாத்தினீங்களா? பல பேருக்கு அது யூடிசிலயே, அதாவது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்குற உலகப் பொது நேரத்துலயே கிடக்கும்.

பேனாக்கத்தி:
அய்யய்யோ. ஒரு நிமிஷம்.