துவண்டுபோன பட்டாளத்தை எழுப்பியவர்கள் முதலில் எதில் கை வைத்தார்கள்?

பினாங்கு_வாத்தியார்:
வணக்கம். படிவம் 6 வரலாற்று மாணவர்களைப் பத்து மாவுங் கோட்டைக்கு அழைத்துப் போகிறேன். 1941 டிசம்பரில் கெடாவின் ஜித்ராவில் ஜப்பானியரிடம் 11ஆவது இந்திய டிவிஷன் ஏன் குலைந்தது என்பதை விளக்கிவிடலாம். அப்படிக் குலைந்த படையை எப்படி எழுப்புவது என்ற அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறேன். "புதுத் தளபதி வந்தார், மன உறுதியை உயர்த்தினார்" என்று ஒரே வரியில் தாண்டிப்போய்விடுகிறார்கள். உயர்த்தினார் என்றால் மறுநாள் காலை எழுந்து என்ன செய்தார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்_முருகையா:
பர்மாவில் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் செய்ததைச் சொல்லிக்கொடுங்கள் ஐயா. 1943 அக்டோபரில் அவர் கைக்கு வந்த படைதான் 14ஆவது ஆர்மி ஆனது. அந்த வருடம் காயம்பட்டு ஒருவர் பின்னுக்குப் போனால், நோயில் 120 பேர் போனார்கள். முதல் எதிரி மலேரியா. பத்துப் பேர் இருக்க வேண்டிய செக்‌ஷனில் ஆறு பேர்தான் என்றால் காவல் முறை அடிக்கடி வரும், தூக்கம் போகும், பக்கத்தில் நிற்பவன் நாளைக்கு இருப்பானா என்ற எண்ணம் வந்துவிடும். பிறகு எந்தப் பேச்சும் காதில் ஏறாது.

அதனால் அவர் பிடித்தது மெபாக்ரின் என்ற மலேரியா தடுப்பு மாத்திரையை. தின்றால் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்றும் வதந்தி. வாயில் அடக்கித் துப்பிவிடுவார்கள். உத்தரவு போட்டதோடு ஸ்லிம் விடவில்லை. மாத்திரையைத் தின்றார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பட்டாளம் முழுவதற்கும் பரிசோதனை நடக்கும். தின்றவர்கள் 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கமாண்டரின் பதவி போகும். மூன்று பேரை நீக்கினார், மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். காய்ச்சல்காரனை இந்தியாவுக்கு அனுப்பி மாதக்கணக்கில் இழப்பதற்குப் பதில், போர்முனைக்குச் சில மைல் பின்னால் கூடாரம் போட்டு வைத்தியம் பார்த்தார்கள்; சில வாரங்களில் தன் கம்பெனிக்கே திரும்பிவிடுவான். 1945இல் நோய்க் கணக்கு நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர்.

சண்டை அதற்குப் பிறகுதான். முதலில் காடு பழகியவர்களைப் பொறுக்கிச் சின்னச் சின்ன ரோந்துகள். வென்று திரும்பியவன் சொல்வதை மற்றவர்கள் கேட்பார்கள். அடுத்து, ஜப்பானியரின் ஒரு கம்பெனியை (நூற்றுச் சொச்சம் பேர்) தாக்க ஒரு முழு பிரிகேட் (சில ஆயிரம் பேர்), ஒரு பிளட்டூனை (முப்பது பேர் அளவு) தாக்க ஒரு பட்டாலியன் (பல நூறு பேர்). தோற்கவே முடியாத கணக்கு. இதை வீண்செலவு என்று மாணவர்கள் சொன்னால் திருத்துங்கள். ஏற்கெனவே தோற்றவனுக்கு முதல் சண்டை நிச்சய வெற்றியாக இருந்தே ஆக வேண்டும். அதிலும் அடிபட்டால் இரண்டாவது தடவை எழுப்ப முடியாது.

பட்டர்வொர்த்_இளங்கோ:
முருகையா அண்ணன் சொன்னது சரி. ஆனால் வயிறும் உடம்பும் மட்டும் போதாது, போகிற திசையும் மாற வேண்டும். 1950 டிசம்பர் 26இல் கொரியாவில் ரிட்ஜ்வே என்ற தளபதி அமெரிக்க 8ஆவது ஆர்மியை ஏற்றபோது, அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளிடம் பின்வாங்கும் திட்டம்தான் இருந்தது. அவர் தாக்கும் திட்டம் கேட்டார். கூடவே சூடான சாப்பாடு, கையுறை, வீட்டுக்குக் கடிதம் எழுதத் தாள். 1951 ஜனவரி 4இல் தென்கொரியத் தலைநகர் சோல் மறுபடி பறிபோனது. அப்படியும் 15ஆம் தேதி அளவான ஒரு முன்னேற்றம், 25ஆம் தேதி பெரியது, மார்ச் நடுவில் சோல் திரும்பக் கையில்.

பிரெஞ்சுக்காரர்களின் 1917ஐயும் விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் தாக்குதல் தோற்றதும் பல டிவிஷன்களில் கலகம் பரவியது. புதுத் தளபதி பெத்தேன் சிலரைச் சுட வைத்தது உண்மை. ஆனால் நான்கு மாதத்துக்கு ஏழு நாள் விடுப்பை உறுதியாக்கினார், சமையலைச் சீர் செய்தார், பெரிய தாக்குதல்களை நிறுத்தினார். அக்டோபரில் மல்மேசோனில் எட்டக்கூடிய சின்ன இலக்கு, ஆறு நாள் பீரங்கி அடி, பிறகுதான் ஆட்களை அனுப்பினார். தண்டனையை மட்டும் சொல்லி விடுப்பை மறைத்தால் பாடம் கோணலாகிவிடும்.

பினாங்கு_வாத்தியார்:
மிக்க நன்றி. நம் மண்ணில் இப்படி ஏதாவது உண்டா? பிள்ளைகளுக்குப் பர்மாவும் கொரியாவும் தூரம்.

ஈப்போ_ரோடு_கணேசன்:
கம்பார் இருக்கிறதே! ஜித்ராவிலும் குரூணிலும் நொறுங்கிய லெஸ்டர்ஸ், ஈஸ்ட் சர்ரேஸ் என்ற இரண்டு பட்டாளங்களின் மிச்சத்தை ஈப்போவில் ஒன்றாக்கி "பிரிட்டிஷ் பட்டாலியன்" என்று பெயர் வைத்தார்கள். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை இவர்களும், அதேபோல இரண்டை ஒன்றாக்கிய ஜாட்-பஞ்சாப் பட்டாளமும் கம்பார் மேடுகளைப் பிடித்து நின்றார்கள். அங்கே முறியவில்லை. கடலோரமாக ஜப்பானியர் முதுகுப்பக்கம் இறங்கியதால்தான் விலகினார்கள்.

ஐந்தே நாளில், ஜனவரி 7 விடியலுக்கு முன், சிலிம் ரீவரில் ஜப்பானிய டாங்கிகள் அதே 11ஆவது டிவிஷனின் வேறு இரண்டு பிரிகேடுகளைச் சில மணி நேரத்தில் கிழித்துப் போட்டன. அவர்கள் வாரக்கணக்கில் இரவு பின்வாங்கி, பகலில் குழி தோண்டி, தூங்காமல் கிடந்தவர்கள். இவ்விரண்டையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதுங்கள்: எத்தனை நாள் ஓய்வு, எத்தகைய நிலம், எங்கே நிற்பது என்று முன்கூட்டியே தெரிந்ததா. கம்பாரில் மேடு இருந்தது, தோண்ட நேரம் இருந்தது. நெடுஞ்சாலை வழியாக ஈப்போ பக்கம் போகிறவர்கள் கிரீன் ரிட்ஜ் மேட்டில் ஏறிப் பார்க்கலாம், பதுங்குகுழித் தடம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளை அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா.