விடியற்காலையில் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது: வயரா, பேட்டரியா?

இன்னும் 10 மாதத்தில் நானும் மனைவியும் பணி ஓய்வு பெறுகிறோம். அதன்பின் மோட்டார் வீட்டில்தான் (தங்கும் வசதியுள்ள வண்டியில்) வாழ்க்கை என்று 2012 மாடல் வண்டி வாங்கி, வார இறுதிகளில் தங்கிப் பழகுகிறோம். மூன்று வாரங்களாக அதன் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் விடியற்காலை நான்கு மணி வாக்கில் நின்றுவிடுகிறது. மனைவியின் திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். என் கவலையெல்லாம் அதுதான்.

பேட்டரி 200 ஆம்பியர்-மணி, ஈய அமில வகை, வாங்கி ஓராண்டு. கூரையில் 400 வாட் சோலார். மாலைக்குள் முழுச் சார்ஜ் ஏறிவிடுகிறது. ஃபியூஸ் மாற்றினேன், முனைகளைச் சுரண்டித் துடைத்தேன், மற்ற எல்லாவற்றையும் அணைத்தும் பார்த்தேன். நிற்பதற்குச் சற்றுமுன் அளந்தால் பேட்டரியில் 12.1 வோல்ட், ஃபிரிட்ஜ் முனையில் 10.9. இடையில் ஓடுவது 9 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர்.

பேட்டரியிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயரைத் தனியாக இழுத்தால் போதுமா, லித்தியம் பேட்டரிக்கும் மாறியே ஆக வேண்டுமா?