பட்டறைக்குக் கூட்டாளியாக யாரைச் சேர்ப்பது: நண்பரையா, மைத்துனரையா, ஃபோர்மேனையா?

ஆவாரம்பாளையத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பம்ப் செட்டுகளுக்கான உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றைத் தனியாளாக நடத்தி வருகிறேன். பெரும்பாலும் ஜாப் ஒர்க், அதாவது பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து தருவது. இப்போது ஒரு பம்ப் கம்பெனி தொடர்ந்து ஆர்டர் தர முன்வந்திருக்கிறது. பழைய லேத்துகளை வைத்துக்கொண்டு அந்த அளவுக்குச் செய்ய முடியாது, கணினியால் இயங்கும் சி.என்.சி. மெஷின் வாங்கியாக வேண்டும். முழுத் தொகைக்கும் கடன் வாங்க மனம் துணியவில்லை என்பதால், கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று பேர் கண்முன் இருக்கிறார்கள். முதலாமவர் பாலிடெக்னிக்கில் உடன் படித்த நண்பர். விற்பனைத் துறையில் நல்ல அனுபவம் உள்ளவர், பாதி முதல் போடத் தயாராக இருக்கிறார். ஆனால் அவர் முன்பு வேறொருவருடன் சேர்ந்து நடத்திய தொழில் பாதியில் முறிந்தது. அதைப் பற்றிக் கேட்டால், தவறு முழுவதும் மற்றவருடையது என்கிறார். இரண்டாமவர் என் மனைவியின் அண்ணன். முழுப் பணத்தையும் தருகிறேன், தொழிலில் தலையிட மாட்டேன், ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டினால் போதும் என்கிறார். மூன்றாமவர் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து உடன் இருக்கும் ஃபோர்மேன். அவரிடம் பணம் இல்லை. ஆனால் அளவு தவறிய பொருளை நானே 'பரவாயில்லை, அனுப்பிவிடலாம்' என்று சொன்னாலும் வாசலைத் தாண்ட விடமாட்டார்.

வீட்டில் எல்லோரும் மைத்துனரைச் சொல்கிறார்கள். என் மனம் நண்பரின் பக்கம் சாய்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வரவுசெலவு எழுதியது:

நான் ஈரோட்டில் ஆடிட்டராக இருக்கிறேன். குணநலன்களைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். யாரைச் சேர்த்தால் எதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பாவீர்கள் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒவ்வொரு பங்குதாரரும் தொழிலின் பொருட்டு நிறுவனத்தின் முகவர் ஆவார். அதாவது, உங்கள் நண்பர் வழக்கமான வியாபார நடைமுறையில் நிறுவனத்தின் பெயரால் ஒரு வாக்குக் கொடுத்தால், நீங்கள் அதை அறியாதிருந்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தும். நிறுவனத்தின் கடனுக்கு எல்லாப் பங்குதாரர்களும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே, உங்கள் சொந்தச் சொத்திலிருந்தே வசூலிக்க முடியும். தலையிட மாட்டேன் என்று சொல்லும் மைத்துனருக்கும் இதே பொறுப்பு உண்டு என்பதை அவருக்கு யாராவது சொன்னார்களா?

ஆப்பிள் நிறுவனத்தின் தொடக்கத்தை இங்கே நினைவுகூரலாம். 1976 ஏப்ரல் 1 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வோஸ்னியாக், ரொனால்ட் வேய்ன் ஆகிய மூவரும் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தத்தை எழுதியவரே வேய்ன்தான். இளைஞர்கள் இருவரும் முரண்படும்போது தீர்ப்புச் சொல்வதற்காக அவருக்குப் 10 விழுக்காடு பங்கு. பன்னிரண்டே நாளில் அவர் விலகி, 800 டாலர் பெற்றுக்கொண்டார். கடையொன்று கேட்ட கணினிகளைச் செய்து கொடுக்க ஜாப்ஸ் உதிரிபாகங்களைக் கடனில் வாங்கியிருந்தார். அந்தக் கடை பணம் தராமல் போயிருந்தால், மூவரில் சொத்து வைத்திருந்த வேய்னிடம்தான் கடன்காரர்கள் வந்திருப்பார்கள். அவர் இழந்த கோடிகளைச் சொல்லிச் சிரிப்பதுதான் வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அன்று அவர் கையிலிருந்த தகவல்களை வைத்துப் பார்த்தால், தன்னால் தாங்க முடியாத சுமையிலிருந்து விலகியது தெளிவான முடிவுதான்.

ஆகவே மைத்துனரின் பணத்தைக் கடனாக வாங்குங்கள். வட்டியும் தவணையும் எழுத்தில் இருக்கட்டும். வங்கி வழியாகவே வாங்குங்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. நண்பரைப் பங்குதாரராகச் சேர்ப்பதாயின் கூட்டு நிறுவனத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். பதிவு பெறாத நிறுவனம், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்துக்காக வெளியார்மீது வழக்குத் தொடர முடியாது. கூட்டாண்மைப் பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லப்படவில்லை என்றால் லாபமும் நட்டமும் சமபங்கு. இரவும் பகலும் பட்டறையில் நிற்பவர் என்பதற்காக உங்களுக்குச் சம்பளம் கேட்கும் உரிமையும் கிடையாது.

கரூர்த்தறி எழுதியது:

ஆடிட்டர் ஐயா சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் பத்திரம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், எதிரில் கையெழுத்திடுபவரின் இயல்பை அது மாற்றுவதில்லை. நான் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் தொழிலில் இருக்கிறேன். சரக்கு நன்றாகப் போகும் காலத்தில் எல்லோருமே நல்ல கூட்டாளிகள்தாம்.

நீங்கள் நண்பரைப் பற்றி எழுதியதில் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: தவறு முழுவதும் மற்றவருடையது என்று அவர் சொல்வது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முறிந்துபோன ஒரு கூட்டுத் தொழிலில், 'இதை நான் முன்கூட்டியே கவனித்திருக்க வேண்டும்' என்று சொல்ல ஒரு சிறு விஷயம்கூடக் கிடைக்காதவர், நாளை உங்களுடன் முரண்படும்போதும் அதே கதையைத்தான் சொல்வார். அப்போது அந்தக் கதையில் வரும் 'மற்றவர்' நீங்களாக இருப்பீர்கள். அந்தப் பழைய கூட்டாளியை நேரில் சென்று பாருங்கள். அவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கணக்கு எப்போது நேர் செய்யப்பட்டது, சப்ளையர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா, பிரியும்போது மெஷின் யாரிடம் போனது என்பவை கருத்துகள் அல்ல, நடந்தவை. இரண்டு பேரிடம் கேட்டால் பொருந்துகிறதா என்பது தெரிந்துவிடும். பொருள் கொடுத்த கடைக்காரரிடமும் விசாரியுங்கள். ஒருவருடைய நாணயத்தை நண்பர்களைவிட அவரிடம் நிலுவை வைத்திருந்த கடைக்காரர் நன்றாக அறிவார்.

இன்னொன்று: உடனே பங்கு கொடுக்க வேண்டிய கட்டாயம் என்ன? சிறிது காலம் கமிஷன் அடிப்படையில் ஆர்டர் பிடித்துத் தரச் சொல்லுங்கள். சரக்குத் தாமதமாகும் என்ற செய்தியை அவர் வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்கிறாரா, கடைசி நாள்வரை மறைக்கிறாரா என்று பாருங்கள். நான் ஆளைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இந்த ஒன்றை வைத்துத்தான்.

மைத்துனரைப் பற்றி ஆடிட்டர் ஐயாவிடம் சற்று மாறுபடுகிறேன். கடனாக எழுதினாலும் அது குடும்பத்துப் பணம். தவணை தவறினால் நோட்டீஸ் வராது. தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகும்போது உங்கள் மனைவிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனவே அவரிடம் கேட்பதற்கு முன் உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவருக்குத் தயக்கம் இருந்தால் அந்தப் பணம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற மேலாளர் எழுதியது:

வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். பணம், சட்டம், நாணயம் ஆகிய மூன்றையும் பேசிவிட்டீர்கள். கேட்டவர் தம்மையறியாமலேயே எழுதிய ஒன்றை இருவரும் கடந்துபோய்விட்டீர்கள்: அந்த ஃபோர்மேன் முதலாளியையே தடுத்து நிறுத்துகிறார்.

சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பேராசிரியர், மேலாண்மைப் பள்ளியின் தலைவர் என்று பெரிய தகுதி படைத்தவர்கள் இருந்தார்கள். 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனர் குடும்பத்துக்குத் தொடர்புடைய இரண்டு மேடாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கும் திட்டம் அவர்கள் முன் வைக்கப்பட்டபோது, குழு அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்த பிறகே, சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று கணக்குகளே பொய் என்று நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிக் கொடுத்தார். பெரிய மனிதர்களைச் சுற்றி வைத்துக்கொள்வது எளிது. அவர்களில் ஒருவராவது குறுக்கே நிற்பாரா என்பதுதான் கேள்வி.

எதிர்ப்பக்கத்துக்கு அமெரிக்க முதலீட்டாளர்களான வாரன் பஃபெட்டையும் சார்லி மங்கரையும் சொல்லலாம். கொண்டுவரும் யோசனைகளுக்கெல்லாம் மறுப்புச் சொல்பவர் என்று மங்கருக்குப் பஃபெட்டே கேலியாகப் பட்டம் சூட்டினார்; ஆனால் மலிவாகக் கிடைக்கும் சுமாரான நிறுவனங்களை விட்டுவிட்டு நல்ல நிறுவனங்களை நியாயமான விலைக்கு வாங்கும் பாதைக்கு அவரைத் திருப்பியவர் மங்கர்தான். இருவரும் அறிமுகமானது 1959இல். மங்கர் பஃபெட்டின் பெர்க்ஷயர் நிறுவனத்தில் துணைத் தலைவரானது 1978இல். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் இருவரும் தனித்தனியே முதலீட்டுத் தொழில் நடத்திக்கொண்டு, யோசனைகளை மட்டும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நல்ல நட்பு என்பதற்காக உடனே ஒரே பெயர்ப் பலகையின்கீழ் வந்தாக வேண்டியதில்லை.

தம்பி, உங்கள் பட்டியலில் மறுப்புச் சொல்லும் துணிவு யாருக்கு இருக்கிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புதிய மெஷின் வந்த பிறகு வேறொரு பட்டறை அவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டால், நண்பரின் பேச்சையும் மைத்துனரின் பணத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

ஆவாரம்பாளையத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கரூர் அம்மா சொன்னபடி நண்பரின் பழைய கூட்டாளியைச் சந்தித்தேன். பெரிய மோசடி எதுவும் இல்லை. ஆனால் நண்பர் வாடிக்கையாளர்களுக்குக் கேட்ட அளவுக்குக் கடன் கொடுத்துவிட்டு, வசூலிக்கும் வேலையைக் கூட்டாளியிடம் தள்ளிவிட்டிருக்கிறார். கடைக்காரரும் அதையே சொன்னார். அவரைக் கமிஷனுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. மைத்துனரிடம் பணம் வாங்க வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டார். வீட்டில் மற்றவர்களுக்கு வருத்தம்தான். இரண்டு மெஷின்களுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் வங்கிக் கடனில் வாங்கப் போகிறேன்.

ஃபோர்மேனுக்கு லாபத்தில் ஒரு பங்கு கொடுக்க விரும்புகிறேன். அப்படிக் கொடுத்தால் அவர் சட்டப்படி பங்குதாரர் ஆகிவிடுவாரா? கடன் சுமை அவர் தலையில் விழுவதை நான் விரும்பவில்லை.

வரவுசெலவு எழுதியது:

லாபத்தில் பங்கு பெறுவதால் மட்டுமே ஒரு பணியாளர் பங்குதாரர் ஆகிவிடுவதில்லை என்று அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகிறது. அவர் பணியாளராகத் தொடர்கிறார் என்பதையும், எந்தக் கணக்கில் எத்தனை விழுக்காடு, எப்போது தரப்படும் என்பதையும், நட்டத்தில் அவருக்குப் பங்கில்லை என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். லாபம் என்பது கடன் வட்டியையும் தேய்மானத்தையும் கழிப்பதற்கு முன்பா, பின்பா என்பதைக் குறிப்பிட மறக்காதீர்கள். பின்னாளில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

நண்பருக்குத் தரும் கமிஷன் கடிதத்தில், விலையைக் குறைக்கவோ கடன் தவணை கொடுக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்று எழுதுங்கள். பம்ப் கம்பெனிக்கும் அதைத் தெரிவித்துவிடுங்கள். கமிஷனை ஆர்டர் வந்தவுடன் தராமல், பணம் வங்கிக் கணக்கில் வரவான பிறகு தருவதாக வைத்துக்கொள்ளுங்கள்.