பொருள்: யுராசில் நொதியத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர் (வெள்ளிக்கு முன்)

கிளிநொச்சி, உயிரியல் ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்கான கைநூல் ஒன்று வெள்ளிக்கிழமை வவுனியாவில் அச்சுக்குப் போகிறது. டி.என்.ஏ. திருத்தம் பற்றிய அத்தியாயம் ஒரு பெயரில் வந்து நிற்கிறது.

விஷயம் இதுதான். டி.என்.ஏ.யின் எழுத்துகள் போன்ற நான்கு மூலங்களில் ஒன்றான சைற்றோசின், தன்பாட்டில் அமைன் கூட்டத்தை இழந்து, டி.என்.ஏ.யில் இருக்கக்கூடாத யுராசிலாக மாறும். ஒரு மனிதக் கலத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் இது நடக்கிறது. அப்படியே விட்டால், அடுத்த இரட்டிப்பில் யுராசிலுக்கு எதிரே குவானினுக்குப் பதிலாக அடினின் வந்து உட்கார்ந்துவிடும். அதுவே விகாரம். யுராசிலைத் தேடிப் பிடித்து அகற்றுகிற நொதியத்தின் பெயர் யுராசில் டி.என்.ஏ. கிளைக்கோசிலேசு. 1974இல் தோமஸ் லின்டால் இதைப் பற்றீரியாவில் கண்டறிந்தார். 2015இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

வகுப்பில் 'கிளைக்கோசிலேசு' என்று சொன்னவுடன் பின்வாங்கிலில் ஒருவன், "ரீச்சர், அது ஆரை ஏசுது?" என்று கேட்டான். தமிழில் என்ன எழுதலாம்?

முல்லைத்தீவு, இளைப்பாறிய தமிழாசிரியர்

பிள்ளை, அவன் கேட்டது நியாயமான கேள்வி. அமைலேசு, இலிப்பேசு, புரோத்தியேசு என்று வரிசையாக ஏசிக்கொண்டே போகிறோம். 'வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியர் வடசொல்லுக்கு வழிவிட்டார். அதைக் காட்டிக் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் படலையைத் திறந்துவிட முடியாது. என் முன்மொழிவு: மூலங்கொய்தி. நைதரசன் மூலத்தைக் கொய்வதால் அப்பெயர். கொய்தல் சங்கத்திலேயே உள்ள சொல். இதற்கும் கொய்யாவுக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். அது போர்த்துக்கேயரோடு வந்த பழம், பெயரும் அவர்களோடு வந்ததே.

ரொறன்ரோ, ஆய்வுகூடத்தில் வேலை, பிறந்தது மாங்குளம்

ஐயா, கொய்தி என்றால் செய்தி, உய்தி போலத் தொழிற்பெயர் ஆகிவிடாதா? செய்கிற ஆளைச் சொல்ல மண்வெட்டியில் உள்ள இகரம் வேண்டும். மூலங்கொய்யி என்றுதான் வரும். சொல்லிப் பாருங்கள், நாக்கு வழுக்கும்.

கோயம்புத்தூர், மொழிபெயர்ப்பாளர்

எங்கள் பாடநூல்களில் நைட்ரஜன் காரம் என்று எழுதுவோம். இங்கே மூலங்கொய்யி என்று பலகை வைத்தால் அறுவைச் சிகிச்சைக்கு ஆள் வந்து நிற்பார்கள். நீங்கள் டி.என்.ஏ.யில் உள்ள சர்க்கரையை 'வெல்லம்' என்று எழுதும்போதெல்லாம் எனக்குப் பொங்கல் பானைதான் ஞாபகம் வரும், மன்னிக்கவும். 'யுராசில் நீக்கி' போதாதா? படித்தவுடன் புரிகிறது.

வவுனியா, பல்கலைக்கழக விரிவுரையாளர்

'நீக்கி' புரியும், ஆனால் என்ன செய்கிறது என்று சொல்லாது. இந்த நொதியம் எதைத் தொடுகிறது, எதைத் தொடுவதில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனித நொதியத்தின் பளிங்கு அமைப்பு 1995இல் வெளிவந்தது. அடுத்து வந்த சில வருடங்களில் அது டி.என்.ஏ.யைப் பிடித்தபடி இருக்கும் நிலையும் தெரியவந்தது. நடுவில் ஒரே திசையில் ஓடும் நான்கு பீற்றா இழைகளாலான தகடு, சுற்றிவர அல்பா சுருளிகள். ஒரே பரம்பரையலகிலிருந்து இரண்டு வடிவங்கள் உண்டாகின்றன. ஒன்று இழைமணிக்குப் போகும், மற்றது கருவுக்கு.

நொதியம் டி.என்.ஏ.யை நெரித்து இலேசாக வளைக்கும்போது யுராசில் இரட்டைச் சுருளியிலிருந்து வெளியே புரண்டு நொதியத்தின் பைக்குள் விழும். அது இருந்த இடத்துக்குள் நொதியத்தின் 272ஆம் அமினோவமிலமான லியூசின், டி.என்.ஏ.யின் சிறு தவாளிப்பின் வழியாக நுழைந்துகொள்ளும். பைக்குள் 147ஆம் தைரோசின் இருக்கிறது. யுராசிலைப் போலிருந்தாலும் டி.என்.ஏ.க்கு உரிய மூலமான தைமின் உள்ளே வரப் பார்த்தால், யுராசிலில் இல்லாத அதன் மீதைல் கூட்டம் இந்தத் தைரோசினில் முட்டும். 204ஆம் அஸ்பரஜின் யுராசிலோடு ஐதரசன் பிணைப்புப் போடும். சைற்றோசின் அதற்குப் பொருந்தாது. பிறகு 145ஆம் அஸ்பாத்திக்கமிலமும் 268ஆம் இஸ்ரிடினும் துணைநிற்க, மூலத்துக்கும் வெல்லத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பு நீரால் உடையும். அவ்வளவுதான். வெல்லமும் பொசுபேற்றும் மாறிமாறி வரும் இழை அறுவதே இல்லை. அதை அறுக்க ஏ.பி.ஈ.1 என்ற வேறு நொதியம் வர வேண்டும். வெற்றிடத்தை நிரப்புவது பொலிமரேசு பீற்றா, கடைசியில் ஒட்டுவது இலிகேசு.

ஆகவே 'வெட்டி', 'அறுப்பான்' இரண்டும் பிழை. கொய்தலும் சரிவராது, கதிரைக் கொய்தால் தாளும் சேர்ந்து அறும். இன்னொன்று, இது ஒரு குடும்பப் பெயர். மனிதரில் பதினொரு டி.என்.ஏ. கிளைக்கோசிலேசுகள் இருக்கின்றன. ஒட்சியேற்றத்தால் கெட்ட குவானினை அகற்றுவதும் ஒன்று. முன்னால் எந்த மூலத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும் சொல் வேண்டும்.

மாங்குளம், கமக்காரர்

நான் உயிரியல் படித்தது சாதாரணதரம் மட்டும்தான். விரிவுரையாளர் சேர் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது களை பிடுங்குகிற வேலை. பன்றிநெல் நெற்பயிர் மாதிரியே நிற்கும், பழகின கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும். யுராசிலுக்கும் தைமினுக்கும் ஒரு மீதைல் கூட்டம்தானே வித்தியாசம் என்கிறீர்கள்? பிடுங்கினால் அந்த இடம் வெறுமையாகும், வரம்பு உடையாது. 'களைநொதியம்' என்று வையுங்கோ.

முல்லைத்தீவு

அருமை! 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.' வள்ளுவர் இதற்கென்றே எழுதிவைத்தது போல இருக்கிறது. களைகட்டல் என்றால் களை பிடுங்கல். இன்றைக்குத் 'திருவிழா களைகட்டியது' என்று எழுதுகிற செய்தியாளர்களுக்கு இது தெரியுமோ தெரியாது. அந்தக் களை வேறு, முகக்களையில் வருவது. வினையாகப் பார்த்தால் 'இடுக்கண் களைவதாம் நட்பு' இருக்கிறது. களை, கழி, கழல், கழற்று எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். ளகரமும் ழகரமும் எங்கே பிரிந்தன என்று பார்க்க வேண்டும். கள்வனும் ஒருவகையில் களைபவனே. இதைப் பற்றித் தனியாக...

வவுனியா

ஐயா, வெள்ளிக்கிழமை அச்சு.

ரொறன்ரோ

எனக்குக் களைநொதியம் கேட்கும்போது களைப்பும் களைகொல்லியும்தான் வருகின்றன. நொதியம் யுராசிலைக் கொல்லவில்லை, நெல்லுக்கு மருந்தும் அடிக்கவில்லை. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் போனால் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். முதலாம் வருடத்தில் பழைய சொற்களை மறந்து புதிதாகப் பாடமாக்கிய வரிசையில் நானும் இருந்தேன். கிளைக்கோசிலேசு என்று படித்தவருக்கு அந்த ஒரு சொல்லாவது மிச்சம்.

முல்லைத்தீவு

தம்பி, அப்படிப் பார்த்தால் எல்லாச் சொல்லையும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாமே? நொதியம் என்ற சொல்லும் ஒருநாள் புதிதாகத்தான் இருந்தது. ஐரோப்பியர் தங்கள் சொல்லைப் புளித்த மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார்கள், நாம் நொதித்தலிலிருந்து எடுத்தோம். ஆருக்கும் வயிறு வலிக்கவில்லை.

ரொறன்ரோ

நொதியம் உயிர்பிழைத்தது ஒவ்வொரு பாடத்திலும் வருவதால், ஐயா. இந்தச் சொல் ஒரு அத்தியாயத்தில் ஒருதரம் வரும்.

கோயம்புத்தூர்

பீற்றாவா, பீட்டாவா? இரண்டு கரையிலும் பிள்ளைகள் ஒரே நூலைப் படிக்க வேண்டாமா?

(இதற்கு வந்த மறுமொழிகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டுள்ளன.)

கிளிநொச்சி

எல்லோருக்கும் நன்றி. 'யுராசில் களைநொதியம்' என்பதற்கு ஆதரவு கொஞ்சம் கூட. இருந்தாலும் பரீட்சைத்தாளில் வரக்கூடிய பெயர் பிள்ளைகளின் கண்ணில் பட வேண்டும். தலைப்பில் யுராசில் டி.என்.ஏ. கிளைக்கோசிலேசு என்று போடுகிறேன். உள்ளே களைநொதியம் என்று எழுதி, அது இழையை அறுப்பதில்லை என்று ஒரு வரி சேர்க்கிறேன். மாங்குளம் அண்ணையின் பன்றிநெல் உதாரணத்தையும் எடுத்துக்கொள்ளலாம்தானே?

மாங்குளம்

தாராளமாக.

கோயம்புத்தூர்

சரி. நான் என் மொழிபெயர்ப்பில் 'நீக்கி' என்றே வைத்துக்கொள்கிறேன்.

முல்லைத்தீவு

தலைப்பில் ஏசு நிற்கும்வரை எனக்கு உடன்பாடில்லை, பிள்ளை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வவுனியா

அடுத்த பக்கத்தில் ஏ.பி.ஈ.1 வருகிறது. அது தேடிப்போவது மூலம் இல்லாமல் வெல்லம் மட்டும் மிஞ்சிய இடத்தை. 'மூலமற்ற தானம்' என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

முல்லைத்தீவு

தானம் வடசொல். தாயிலி போல 'மூலமிலி' என்று போடலாம். இலி என்ற ஈறு பற்றி நன்னூலில்...

கிளிநொச்சி

ஐயா, சேர், இதைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்வோம். பக்க வடிவமைப்பாளர் தொலைபேசியில் நிற்கிறார்.