வேக்குவம் மசாஜுக்குப் பிறகு தொடையில் போகாத ரத்தக்கட்டு

வணக்கம். தொடையில் குழிகுழியாக இருக்கும் செல்லுலைட்டுக்காக, மே மாதத்திலிருந்து சென்னையில் ஒரு அழகு நிலையத்தில் வாராவாரம் வேக்குவம் மசாஜ் எடுக்கிறேன். இந்த மசாஜுக்குப் பெயர் பெற்ற எல்பிஜி (LPG) என்ற பிரெஞ்சு கம்பெனியின் கருவி இல்லை. அதே மாதிரி இரண்டு ரோலருக்கு நடுவே தோலை உறிஞ்சி, மடித்து உருட்டும் இன்னொன்று. மெஷினில் கம்பெனிப் பெயரே இல்லை.

ரத்த ஓட்டமும் நிணநீர் ஓட்டமும் கூடுவதால் தோல் கொஞ்ச நாளைக்கு வழவழப்பாகத் தெரியும், கொழுப்பு கரையாது என்று தெரிந்தேதான் போனேன். பிரச்சினை வேறு. வலது தொடையின் வெளிப்பக்கம் ஒரு ரத்தக்கட்டு மஞ்சளாகி மறைவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. முழங்காலுக்கு மேலே சிலந்தி வலை மாதிரி மெல்லிய சிவப்பு நரம்புகள் புதிதாகத் தெரிகின்றன. வீக்கமோ வலியோ இல்லை.

உறிஞ்சும் அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். ஐஸ் ஒத்தடம், ஹெபாரின் களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. பிளேட்லெட் அளவு சரியாக இருக்கிறது, ஆஸ்பிரின் சாப்பிடுவதில்லை. அம்மாவுக்கு வெரிகோஸ் உண்டு. நிலையத்தில் கேட்டால் 'நச்சு வெளியேறுகிறது' என்கிறார்கள். தோலுக்கடியில் குட்டி ரத்தக்குழாய் உடைவதில் நச்சு எங்கே வந்தது?

தோல் மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள் யாராவது சொல்லுங்கள்: மசாஜைத் தொடர்வதற்கு முன் காலுக்கு டாப்ளர் ஸ்கேன் (ரத்தக்குழாய்களில் ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்ப்பது அவசியமா?